வீல் சொன்ன பேச்சு கேக்கலையா? எந்தக் கோளாறுக்கு எங்க பார்க்கணும்

புதுசா ரேசிங் வீல் மாட்டி, முதல் லேப்லயே செவுத்துல போய் சொருகிட்டு, சே பழைய கன்ட்ரோலரே தேவலாம் போலன்னு நினைச்சவங்களுக்குதான் இது. முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன், ஆரம்பத்துல வர்ற தகராறுல பாதிக்கு மேல வீலோட தப்பே கிடையாது. நீங்க திருப்புற திருப்பு கரன்ட்டு, யுஎஸ்பி, விண்டோஸ், வீல் கம்பெனி சாஃப்ட்வேர், ஸ்டீம் (பிசி கேம் வாங்கி ஓட்டுற ஆப்), அப்புறம் கேம்னு கை மாறி கை மாறித்தான் காருக்கு போய் சேருது. நடுவுல எந்தக் கையில கோட்டை விடுதுன்னு புடிச்சிட்டா மீதி வேலை அஞ்சு நிமிஷம். அதை விட்டுட்டு கேம் செட்டிங்ஸ்ல இருக்குற அத்தனை ஸ்லைடரையும் ஒரே மூச்சுல இழுத்து வெச்சீங்கன்னா எது கெடுத்துச்சு எது சரி பண்ணுச்சுன்னு அந்த ஆண்டவனுக்கே தெரியாது.

பிசில விளையாடுறவங்க முதல்ல ஒரு விண்டோவை பழகிக்கங்க. விண்டோஸ் கீயையும் ஆர் கீயையும் சேர்த்து அமுக்கினா ரன் பாக்ஸ் வரும், அதுல இங்கிலீஷ் எழுத்துல ஜாய் டாட் சிபிஎல் (joy.cpl)னு அடிங்க, மாட்டியிருக்குற கன்ட்ரோலர் எல்லாம் லிஸ்ட்ல வரும், உங்க வீலை செலக்ட் பண்ணி ப்ராப்பர்ட்டீஸ் போனீங்கன்னா வீல் திருப்புறது, பெடல் மிதிக்கிறது, பட்டன் அமுக்குறது எல்லாம் அப்படியே லைவா தெரியும். இங்க ஒழுங்கா ஓடுது ஆனா கேம்ல ஓடலன்னா தப்பு கேம் பக்கமோ ஸ்டீம் பக்கமோ இருக்கு. இங்கயே தகராறுன்னா கேமை திறக்கவே திறக்காதீங்க, நேரம்தான் வேஸ்ட். கீழ நான் டெஸ்ட் விண்டோன்னு சொல்றதெல்லாம் இதைத்தான்.

"சொருகிட்டேன், ஒண்ணுமே நடக்கல"

ஃபோர்ஸ் ஃபீட்பேக் வீலுக்குள்ள, அதாவது ரோட்டோட விசையை கையில உணர வைக்கிற வீலுக்குள்ள, மோட்டார் இருக்கு, அதுக்கு யுஎஸ்பில வர்ற கரன்ட்டு பத்தாது, தனி அடாப்டர் கட்டாயம். கரன்ட்டு, யுஎஸ்பி ரெண்டையும் மாட்டினதும் லாஜிடெக், த்ரஸ்ட்மாஸ்டர் மாதிரி கம்பெனி வீலெல்லாம் தானா இந்தக் கோடி அந்தக் கோடி சுத்திட்டு நடுவுல வந்து நிக்கும். அது நடக்கலன்னா அடாப்டர் பின்னை கழட்டி மறுபடி அழுத்தி மாட்டுங்க. பெரும்பாலும் வீலுக்கு அடியில கேபிளுக்குன்னு ஒரு வாய்க்கா மாதிரி பாதை விட்டிருப்பாங்க, அதுல வளைஞ்சு போறப்ப பின் அரை மில்லிமீட்டர் வெளிய வந்தாலும் வீல் செத்த பாம்பு மாதிரி கிடக்கும்.

சுத்திச்சு, ஆனா கம்ப்யூட்டர் கண்டுக்கலன்னா யுஎஸ்பி ஹப்பை தூக்கி எறிங்க, நேரா மதர்போர்டு பின்னாடி இருக்குற போர்ட்ல மாட்டுங்க, அதுவும் ஒத்து வரலன்னா வேற போர்ட். லாஜிடெக் காரங்களுக்கு இன்னொண்ணு, பழைய கேமிங் சாஃப்ட்வேரும் புது ஜி ஹப்பும் ரெண்டும் ஒரே மெஷின்ல இருந்தா சில சமயம் ஒண்ணையொண்ணு இழுத்துக்கும், ஒண்ணை மட்டும் வெச்சுக்கங்க.

கன்சோலா இருந்தா முதல் கேள்வியே வேற: அந்த வீல் அந்த கன்சோலுக்கானதுதானா? லாஜிடெக்கோட ஜி29 ப்ளேஸ்டேஷனுக்கு, ஜி920 எக்ஸ்பாக்ஸுக்கு, ரெண்டும் 2015ல வந்தது, பார்க்க அண்ணன் தம்பி மாதிரியே இருக்கும், ரெண்டும் பிசில ஓடும், ஆனா கன்சோலை மாத்தி மாட்டினா எந்த செட்டிங்ஸ் போட்டாலும் ஓடாது. தான் அனுமதிச்ச வீலை மட்டும்தான் கன்சோல் வாசல் தாண்ட விடும். ஜி923ல ரெண்டு வகையும் ஒரே பேர்ல வருது, செகண்ட் ஹேண்ட்ல வாங்குறவங்க மாட்டிக்குறது இங்கதான். ஜி29 மேல பிஎஸ்3, பிஎஸ்4னு ஒரு சின்ன தள்ளு சுவிட்ச் இருக்கும், ப்ளேஸ்டேஷன் 4லயோ 5லயோ விளையாடுறப்ப அது பிஎஸ்4 பக்கம் இருக்கணும். தூசி துடைக்கிறப்ப விரல் பட்டு நகர்ந்திருக்கும், நாம மூணு மணி நேரம் கேபிளை மாத்தி மாத்தி பார்த்துட்டு இருப்போம்.

"நேரா போறேன், ஆனா வீல் கோணலா நிக்குது"

இது எனக்கே நடந்தது. முதல் நாள் ஆர்வக்கோளாறு, வீலை ரெண்டு கையாலயும் கெட்டியா புடிச்சுட்டே கரன்ட்டு சுவிட்சைப் போட சொன்னேன், வீல் திடீர்னு தானா சுத்தவும் பதறிப்போய் இன்னும் இறுக்கி புடிச்சேன். அது பாவம் கோடி எங்க இருக்குன்னு தேடிட்டு இருந்திருக்கு, நான் விடல, நான் புடிச்ச இடத்தையே கோடின்னு நம்பி நடுவை தப்பா கணக்கு போட்டுக்கிச்சு. அன்னிக்கு சாயங்காலம் பூரா கேம்ல டெட்ஸோன் (கொஞ்சம் அசைஞ்சாலும் கேம் கண்டுக்காத இடம்) மாத்தி, சென்சிடிவிட்டி மாத்தி, கடைசில யுஎஸ்பியையும் அடாப்டரையும் கழட்டி, கையை மடியில வெச்சுட்டு மறுபடி சொருகினேன், சரியாயிடுச்சு. அவ்ளோதான் விஷயம்.

கையை விட்டும் கோணலாவே நிக்குதுன்னா டெஸ்ட் விண்டோல பாருங்க, வீலை கண்ணால நேரா வெச்சா புள்ளி நடுவுல இருக்கா? இருந்தா கேமுக்குள்ள இருக்குற கேலிப்ரேஷனை (நடு எங்க, கோடி எங்கன்னு வெச்சிருக்குற கணக்கை) ரீசெட் பண்ணுங்க. புள்ளியும் தள்ளி நிக்குது, விளையாட விளையாட இன்னும் தள்ளிப் போகுதுன்னா அது வேற கதை. ஜி25, ஜி27 மாதிரி பழைய வீல்ல மோட்டார் தண்டுல ஒரு குட்டி பிளாஸ்டிக் தட்டு இருக்கும், அதுல இருக்குற கோடுகளை வெளிச்சத்தால எண்ணித்தான் வீல் எவ்ளோ திரும்பியிருக்குன்னு கணக்கு வெச்சுக்கும், அந்தத் தட்டு விரிசல் விட்டு வழுக்க ஆரம்பிச்சா நடு நகர்ந்துட்டே இருக்கும், சில சமயம் ஆன் பண்ணதும் கோடி எங்கன்னு தெரியாம போட்டு மோதிட்டே இருக்கும். இதுக்கு சாஃப்ட்வேர்ல மருந்து இல்ல, பிரிச்சுத்தான் ஆகணும்.

டைரக்ட் டிரைவ் வீல்ல (பல்சக்கரம், பெல்ட் எதுவும் இல்லாம மோட்டார் தண்டுலயே நேரா வீலை மாட்டினது) பொதுவா இந்த தானா சுத்துற சடங்கு கிடையாது, நேரா வெச்சு கம்பெனி சாஃப்ட்வேர்ல சென்டர் பட்டனை அமுக்குறதோட சரி.

"லேசா திருப்பினாலே கார் பம்பரமா சுத்துது" அல்லது "முழுசா திருப்பியும் கார் திரும்ப மாட்டேங்குது"

டிகிரி கணக்கு ஒத்துப் போகல. ஜி29 கோடிக்கு கோடி 900 டிகிரி, அதாவது ரெண்டரை சுத்து. த்ரஸ்ட்மாஸ்டர் டி300 1080, முழுசா மூணு சுத்து. வீல் சாஃப்ட்வேர்ல எப்பவோ 200ன்னு வெச்சுட்டு மறந்திருப்பீங்க, கேம் 900ன்னு நம்பிட்டு இருக்கும், ரெண்டும் அடிச்சுக்கும். சாஃப்ட்வேர்ல முழு டிகிரியை வெச்சுட்டு கேமையே கார் வாரியா குறைக்க விடறதுதான் நல்லது, அசெட்டோ கோர்ஸா காம்பெட்டிஸியோனே மாதிரி கேம் அதை ஒழுங்கா பண்ணும். ஃபார்முலா காருக்கு ஒரு சுத்தே ஜாஸ்தி, லாரிக்கு இருக்குறதெல்லாம் வேணும், யூரோ ட்ரக் சிமுலேட்டர் 2ல 900 வெச்சு ஒரு தடவை ரிவர்ஸ் பார்க்கிங் பண்ணிப் பாருங்க, அப்புறம் குறைக்கவே மனசு வராது.

சரி பார்க்க சுலபமான வழி: டிரைவர் கண்ல இருந்து தெரியுற கேமராவுக்கு போங்க, காரை நிறுத்திட்டு கையில இருக்குற வீலை சரியா கால் சுத்து திருப்புங்க, ஸ்கிரீன்ல இருக்குற வீலும் கால் சுத்து திரும்பினா கணக்கு ஒத்துப்போச்சு. அது அரை சுத்து திரும்பினா எங்கயோ டிகிரி இடிக்குது. ஸ்கிரீன் கை மட்டும் 90லயோ 180லயோ நின்னுட்டு கார் மட்டும் இன்னும் திரும்புதுன்னா பயப்படாதீங்க, சில கேம்ல அனிமேஷனே அவ்ளோதான்.

180 இல்லன்னா 270 டிகிரி மட்டும் திரும்புற, உள்ள ரப்பரோ ஸ்பிரிங்கோ இழுக்குற வீல் வெச்சிருக்கீங்களா? அதுல பல கேம் உங்களை கேம்பேட் (கையில புடிக்கிற கன்ட்ரோலர்) வெச்சிருக்குறவங்கன்னே நினைச்சுக்கும், வேகத்துக்கு தகுந்த மாதிரி ஸ்டியரிங்கை தானா அடக்கும். ஸ்டியரிங் அசிஸ்ட்டை ஆஃப் பண்ணி, லீனியாரிட்டின்னு ஒண்ணு இருந்தா நடுப்பக்கம் மெதுவா இருக்குற மாதிரி மாத்திப் பாருங்க, ஓரளவு அடங்கும். முழுசா அடங்காது.

"வீல் திரும்புது, ஆனா கையில ஒண்ணுமே தெரியல"

பெட்டியை எடுத்து படிங்க முதல்ல. வைப்ரேஷன்னு போட்டிருந்தா அது ஃபோர்ஸ் ஃபீட்பேக் இல்ல, ஃபோன் அதிர்ற மாதிரி அதிரும், அவ்ளோதான், டயர் வழுக்குறதை அது சொல்லாது. ஃபோர்ஸ் ஃபீட்பேக்னா மோட்டார் வீலையே புடிச்சு திருப்பும், நீங்க அதோட மல்லுக்கட்டணும்.

நிஜமாவே ஃபோர்ஸ் ஃபீட்பேக் வீல்னா கம்பெனி சாஃப்ட்வேரை திறந்து வீல் இழுக்குதான்னு பாருங்க, சிலதுல டெஸ்ட் பட்டனே இருக்கும். அங்க இழுக்குது கேம்ல இழுக்கலன்னா வழக்கமா மாட்டுறது ரெண்டு பேர். முதல் ஆள் ஸ்டீம் இன்புட், இது வீலை கேம்பேட் மாதிரி வேஷம் போட்டு கேமுக்கு அனுப்பிடும், அந்த கேமோட ப்ராப்பர்ட்டீஸ்ல கன்ட்ரோலர் பக்கம் போய் டிஸேபிள் பண்ணிட்டு கேமை மூடித் திறங்க. ரெண்டாவது ஆள் கூடவே மாட்டி வெச்சிருக்குற இன்னொரு கன்ட்ரோலர், கேம் விசையை எல்லாம் அதுக்கு அனுப்பிட்டு இருக்கும், டேபிள் ஓரத்துல கேம்பேட் தனியா உறுமிட்டு கிடக்கும். கழட்டி விடுங்க. அப்புறம் வீலை முதல்ல மாட்டிட்டுதான் கேமை திறக்கணும், கேம் ஓடும்போது மாட்டினா சிலது ஸ்டியரிங்கை மட்டும் எடுத்துக்கும், ஃபோர்ஸை விட்டுடும்.

நடுவுக்கு மட்டும் ஸ்பிரிங் மாதிரி இழுக்குது, மேடு பள்ளம் எதுவும் தெரியலன்னா அது கேம்ல இருந்து வரல, சாஃப்ட்வேர்ல சென்டரிங் ஸ்பிரிங் ஆன்ல இருக்கு. ஆஃப் பண்ணுங்க.

"கனமா இருக்கு, ஆனா மொத்தையா இருக்கு"

எனக்குப் பிடிச்ச கோளாறு இதுதான், ஏன்னா இதை நாமளே ஆசைப்பட்டு வரவழைச்சுக்குறோம். நிஜமா இருக்கணும்னு கெயினை, அதாவது வீல் இழுக்குற பலத்தோட அளவை, 100க்கு ஏத்திடுவோம். ஆனா ஜி29 மாதிரி வீலோட மோட்டார் சுமார் 2 நியூட்டன் மீட்டர் (முறுக்கு விசையோட அளவு) தான் குடுக்கும், நிஜ ரேஸ் கார் ஸ்டியரிங்ல வர்ற விசை அதை விட ரொம்ப ஜாஸ்தி, கேம் கேக்குற விசை மோட்டாரோட உச்சத்தை தாண்டிட்டா தாண்டின பங்கு அப்படியே வெட்டுப்பட்டுப் போகும், இதைத்தான் கிளிப்பிங்னு சொல்றாங்க. சின்ன ஸ்பீக்கர்ல சவுண்டை முழுசா வெச்சா பாட்டு கிழியும்ல, அதே கதை. வளைவு நடுவுல டயர் புடிப்பு விடுற அந்த ஒரு நொடி விசை குறையணும், அந்தக் குறைச்சல்தான் நமக்கு சேதி, ஆனா எல்லாமே உச்சத்துல ஒட்டிக்கிட்டு இருக்கும்போது குறைஞ்சது எப்படி தெரியும்? கார் சுத்தினதுக்கு அப்புறம்தான் தெரியும்.

அசெட்டோ கோர்ஸால பெடல் காட்டுற குட்டி ஆப்ல ஃபோர்ஸுக்குன்னு ஒரு பட்டை இருக்கு, வெட்டுப்படும்போது சிவப்பாகும். வேகமான நீண்ட வளைவுல பட்டை சிவப்பாவே நின்னா கெயினை கொஞ்சம் கொஞ்சமா இறக்குங்க, கர்ப்ல (ட்ராக் ஓரத்து மேட்டுல) ஏறும்போது மட்டும் லேசா சிவந்து போனா போதும். கை லேசாகும், முதல்ல ஏமாத்தமா இருக்கும், பத்து லேப் ஓட்டிப் பாருங்க. ப்ளேஸ்டேஷன்ல கிரான் டூரிஸ்மோ 7ல மேக்ஸிமம் டார்க், சென்சிடிவிட்டின்னு ரெண்டு நம்பர் இருக்கு, ஒரு தடவைக்கு ஒண்ணை மட்டும் மாத்துங்க.

இதுக்கு நேர் எதிரா, நடுவுல கொஞ்ச தூரம் வீல் தொளதொளன்னு இருக்குன்னா அது கியர் வெச்ச வீலோட பிறவிக் குணம், சின்ன விசை பல்சக்கர உராய்வுலயே செத்துப்போகுது. மினிமம் ஃபோர்ஸ்னு செட்டிங் இருந்தா ஒவ்வொரு படியா ஏத்துங்க, நேர் ரோட்ல வீல் கடகடன்னு ஆட ஆரம்பிக்கிற இடம் வந்ததும் ஒரு படி இறக்கிடுங்க. பெல்ட் வீல்ல இது கம்மி, டைரக்ட் டிரைவ்ல தேவையே இல்ல.

"கையை விட்டா வீல் சாமி வந்த மாதிரி ஆடுது"

நேர் ரோட்ல வேகமா போறப்ப கையை விட்டா லேசா ஆடத்தான் செய்யும், டயர் வீலை நடுவுக்கு இழுக்குது, புடிச்சு அடக்க கை இல்லாததால தாண்டிப் போயி திரும்ப இழுபடுது. கையை வெச்சா நின்னுடும்னா அது கோளாறே இல்ல. கை வெச்சும் ஆடுதுன்னா கெயினை குறைச்சு, டேம்பிங்கை (வீலோட ஆட்டத்தை அடக்குற செட்டிங்) ஒரு துளி ஏத்துங்க.

ஆனா மெதுவா போறப்பவே, லேசா திருப்பி விட்டா நடுவுக்கு வராம கோடிக்கு ஓடுதுன்னா விசை தலைகீழா வருது. இன்வர்ட் ஃபோர்ஸ் ஃபீட்பேக்னு இருக்குறதை தட்டி விடுங்க.

"பிரேக் தானா புடிக்குது, கார் இழுத்துப் புடிச்ச மாதிரி ஓடுது"

கேம் திறந்ததும் கார் நகராம திணறுதுன்னா ஒவ்வொரு பெடலையும் ஒரு தடவை அடி வரைக்கும் மிதிச்சு விடுங்க. பல வீல்ல முதல் மிதி வரைக்கும் பெடல் பாதி அமுங்கியிருக்குறதாவே கணக்கு இருக்கும். மிதிக்காதப்ப முழுசா, மிதிச்சா பூஜ்ஜியம்னு காட்டினா ஆக்ஸிஸை இன்வர்ட் பண்ணணும், அதாவது தலைகீழா மாத்தணும். ஆக்ஸிலரேட்டரும் பிரேக்கும் ஒரே கோட்டுல மேலயும் கீழயும் போகுதுன்னா கம்பைண்ட் பெடல்ஸ் ஆன்ல இருக்கு, ரொம்ப பழைய கேமுக்குத்தான் அது, அணைச்சிடுங்க.

டெஸ்ட் விண்டோல காலே வைக்காம பிரேக் பட்டை துடிக்குதா? பெடலுக்குள்ள பொட்டென்ஷியோமீட்டர் இருக்குற வீல்ல இது காலப்போக்குல வர்ற வியாதி, ரேடியோ வால்யூம் குமிழ் பழசானா கரகரக்கும்ல, அதே உறுப்பு, அதே தூசி. எல்லா ஒயரையும் கழட்டிட்டு, எலக்ட்ரானிக் கான்டாக்ட் க்ளீனரை அந்த இடுக்குல லேசா அடிச்சு, பெடலை முப்பது நாப்பது தடவை அமுக்கி விட்டு, நல்லா காயவிட்டு மாட்டுங்க. துருவுக்கு அடிக்கிற எண்ணெய் ஸ்ப்ரேயை அடிச்சிடாதீங்க, இன்னும் தூசியைத்தான் புடிச்சு வெச்சுக்கும். வாரன்ட்டி இருந்தா திறக்கவே வேண்டாம். அவசரத்துக்கு கேம்ல பிரேக் டெட்ஸோனை 3, 4 சதவீதம் வெச்சா துடிப்பு மறையும்.

முழுசா மிதிச்சும் பிரேக் 100க்கு வரலன்னு ஜி29 வெச்சிருக்குறவங்க நிறைய பேர் புலம்புவாங்க. பிரேக் பெடலுக்குள்ள ஒரு ரப்பர் கட்டை இருக்கு, கடைசி தூரம் கல்லு மாதிரி இருக்கணும்னே வெச்சது. சிலர் கட்டையை கழட்டிடறாங்க, என்னைக் கேட்டா முதல்ல கேமுக்குள்ள பிரேக் கேலிப்ரேஷன் பண்றப்ப உங்களுக்கு வசதியா எவ்ளோ அழுத்த முடியுமோ அதையே 100ன்னு காட்டிடுங்க, கட்டை பாட்டுக்கு இருக்கட்டும். லோட்செல் பெடல்னா அது தூரத்தை அளக்காது, அழுத்தத்தை அளக்கும், அதுல இந்த வரம்பு குறிக்கிற வேலை இன்னும் முக்கியம்.

"கியர் விழல"

கேம்ல கியர் முறையை எச் ஷிஃப்டர்னு (நிஜ கார் மாதிரி கியர் குச்சி) மாத்தினீங்களா, கிளட்ச் மேனுவலா இருக்கான்னு பாருங்க. லாஜிடெக்கோட தனி ஷிஃப்டர் யுஎஸ்பில போகாது, வீல் அடியில இருக்குற போர்ட்ல போகும், ரிவர்ஸுக்கு குச்சியை கீழ அமுக்கி ஆறாவது கியர் பக்கம் தள்ளணும்.

"நல்லா ஓடிட்டு இருக்கும்போதே வீல் செத்துப்போகுது"

விண்டோஸ் பவர் ஆப்ஷன்ல யுஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்டை அணைங்க, அப்புறம் கேபிள் எங்கயாவது கால்ல சிக்கி இழுபடுதான்னு குனிஞ்சு பாருங்க. செத்துப்போகல, அரை மணி நேரத்துல மெதுவா பலம் குறையுதுன்னா மோட்டார் சூடு. டி300ல ஃபேன் உண்டு, அது சத்தம் போட்டா சந்தோஷப்படணும், காத்து போற ஓட்டையை துணி, பேப்பர் வெச்சு மறைச்சிடாதீங்க. கெயினை இறக்கினா சூடும் இறங்கும்.

"டேபிளே ஆடுது, பெடல் ஓடுது, சேரும் ஓடுது"

கிளாம்ப்பை கையால இறுக்கினா போதும், ஸ்பானர் போட்டா பிளாஸ்டிக் உடையும். பெடலை செவுத்தோட முட்டுக் குடுத்து வைங்க. சேர் சக்கரத்தை பழைய ஷூவுக்குள்ள இறக்கி விடுங்க, பார்க்க கேவலமா இருக்கும், அசையாது. டைரக்ட் டிரைவ்க்கு மட்டும் இந்த ஜுகாட் எல்லாம் தாங்காது, 5 நியூட்டன் மீட்டர்ல இருந்தே டேபிள் முனகும், 8ல கட்டையே வளையும். அதோட அதுல கட்டை விரலை வீல் கம்பிக்குள்ள கொக்கி போட்டு புடிக்காதீங்க, செவுத்துல இடிக்கப் போறீங்கன்னு தெரிஞ்சா கையை எடுத்துடுங்க, கார் போனா ரீஸ்டார்ட் பண்ணிக்கலாம், விரலுக்கு அந்த பட்டன் கிடையாது.

இத்தனையும் பார்த்தும் மசியலன்னா வேற ஒரு கம்ப்யூட்டர்ல மாட்டி அதே டெஸ்ட் விண்டோவை திறங்க. அங்கயும் அதே கோளாறுன்னா வீல்தான், வாரன்ட்டிக்கு அனுப்புங்க. அனுப்புறதுக்கு முன்னாடி டெஸ்ட் விண்டோவும் வீலும் ஒரே ஃப்ரேம்ல தெரியுற மாதிரி ஒரு நிமிஷம் வீடியோ எடுத்து வெச்சுக்கங்க, சர்வீஸ் ஆள் கையில போனதும் நல்ல புள்ளை மாதிரி ஓடிக் காட்டும் பாருங்க, அப்ப உதவும்.